கரி வண்டியில் பெட்ரோல் நாற்றம்

சேசு மரி சூசை துணை

கம்பைநல்லூர்,
1943 ஆவணி, வெள்ளிக்கிழமை.

சேலம் பட்டணத்தில் மோட்டார் பட்டறை வைத்து மகா கீர்த்தியோடு விளங்கும் மாப்பிள்ளை சவரி அவர்களுக்கு, மாமனார் சின்னப்பன் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் தங்கள் மாமியார் மதலேனம்மாளும் இளையவள் சகாயமேரியும் தேவ கிருபையால் சுகம். எங்கள் மூக்குகள் மட்டும் சுகமில்லை. அங்கு தாங்களும் என் மூத்த மகள் மிக்கேலம்மாளும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறோம்.

நிற்க. யுத்தத்தில் பெட்ரோல் கிடைப்பது குதிரைக்கொம்பு, கரியில் ஓடும்படி மாற்றித் தருகிறேன் என்று என் காரை வாங்கிப்போனீர்கள். திரும்பி வந்தபோது அதன் முதுகில் ஓர் அடுப்பு உட்கார்ந்திருந்தது. அடுப்புக்கு இடம் விட்டு பெட்ரோல் டாங்கி பின் சீட்டுக்கு அடியில் நுழைந்திருந்தது. கிளப்ப மட்டும் சொட்டுப் பெட்ரோல், அப்புறம் எல்லாம் கரிப்புகை என்றீர்கள். ஆனால் ஏறி உட்கார்ந்தால் பெட்ரோல் பீப்பாய்க்குள் படுத்த மாதிரி நாறுகிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? போன வாரம் சகாயமேரியைப் பெண் பார்க்க வந்த தருமபுரிக்காரர்களை இதில்தான் அழைத்து வந்தேன். பையனின் தாயார் இறங்கியதும் வேலியோரம் வாந்தி எடுத்துவிட்டு, "பொண்ணு லச்சணமாத்தான் இருக்குதுங்க, எங்களுக்குத்தான் தல சுத்துது" என்று மாட்டுவண்டி பிடித்துப் போய்விட்டார். வருகிற ஞாயிறு ஜோலார்பேட்டைப் பக்கமிருந்து பெரியநாயகம் என்பவர் தம் மகனுக்காகப் பார்க்க வருகிறார். மொரப்பூர் ஸ்டேஷனிலிருந்து அவரை ஏற்றி வரவும் இந்த வண்டிதான். இதுவும் தட்டிப்போனால் என் பெண்ணுக்கு ராசியில்லை என்று ஊர் வாய் பேசும். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை, மாப்பிள்ளை.

நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் தேடாத இடமில்லை. டிரைவர் குப்புராஜ் மூக்குப்பொடி போடுகிறவன், அவன் மூக்கில் பிணம் எரிந்தாலும் தெரியாது, "எனக்கொண்ணும் வரலீங்களே" என்று சொல்லிக்கொண்டே இஞ்சின் பக்கத்துக் குழாய்களுக்கெல்லாம் கசிவை அடைக்கப் பார் சோப்பைத் தேய்த்துவிட, பெட்ரோலோடு சோப்பும் சேர்ந்து நாறியது. பக்கத்து வீட்டு முனியப்பன் வந்து, "இது பெட்ரோல் இல்லீங்க, பச்ச மரத்துக் கரிங்க" என்று தீர்ப்புச் சொல்ல, அதை நம்பிச் சித்தேரி மலைக்கரி வாங்கிப் போட்டேன், கரிதான் மாறியது. தங்கள் மாமியார், "சாம்பிராணி போட்டாப் போவாத நாத்தமா?" என்று நெருப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு காருக்குள்ளேயே ஏறப் போனாள். எனக்கு ஒருநாளும் இறங்கிக் கதவு திறந்துவிடாத குப்புராஜ் அன்று கதவைத் தாண்டிக் குதித்து ஏரிக்கரையில் போய் நின்றான். நான் சட்டியைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டேன். அதற்கு அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

கடைசியில் இந்த வயசில் நானே பின் சீட்டைப் பெயர்த்து உள்ளே தலையை விட்டேன். டாங்கியிலிருந்து வரும் குழாய் எட்டாமல், வேறொரு துண்டைக் கோத்து, அந்த மூட்டில் எதை வைத்து அடைத்திருக்கிறீர்கள்? கேழ்வரகுக் களி! மேலே ஒரு கந்தல் துணி! களி காய்ந்தால் வெடிக்கும் என்று எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குத் தெரியும். நெல்லுச்சோறு சாப்பிடும் தங்களுக்கு எப்படித் தெரியப்போகிறது? முதுகுக்குப் பின்னால் அடுப்பு, பிட்டத்துக்குக் கீழே பெட்ரோல். மாமனாரை, செத்தவர்கள் பாவம் தீர வேகிற உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு இவ்வளவு சுருக்காக அனுப்பப் பார்த்த மாப்பிள்ளை இந்த ஜில்லாவில் வேறு எவரும் இல்லை.

ஈயம் பற்றவைக்கிறவனைக் கூப்பிட்டேன். "தீயக் கொண்டாந்து இதுக்குக் கீழ வெக்கச் சொல்றீங்களே, எனக்கும் புள்ளகுட்டி இருக்குதுங்க" என்று போய்விட்டான். இப்போது தினம் காலையில் முதல் உருண்டை களி காருக்கு, மிச்சம்தான் எனக்கு. அதுவும் சாயங்காலத்துக்குள் வெடித்துவிடுகிறது. ஆகையால் இக்கடிதம் கண்டதும் வேறெதையும் பார்க்காமல் புதுக்குழாயோடு சனிக்கிழமைக்குள் வந்து சேரவும். வராவிட்டால் சம்பந்தி முன்னால் தங்கள் தொழில் திறமையை நான் வாயாரப் புகழவேண்டி வரும்.

மகளுக்கு என் ஆசீர்வாதம். தேவமாதா தங்களுக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் புத்தியும் தந்து காப்பாளாக.

இப்படிக்கு,
ம. சின்னப்பன்

பி.கு.: ஞாயிறு மாலை. இதைச் சேலத்துக்குக் கொண்டுவர வேண்டிய நம் வேலையாள் மாது ரயிலைத் தவறவிட்டான். நல்லதாய்ப் போயிற்று. பெரியநாயகம் காரில் ஏறியதும் மூக்கை உறிஞ்சினார். வீடு வரும்வரை உறிஞ்சிக்கொண்டே வந்தார். இறங்கியதும் என்னைத் தனியே இழுத்து, "ஊரே கரில ஓடுது, உங்க வண்டில மட்டும் பெட்ரோல் மணக்குதுங்களே! பெரிய கைதானுங்க நீங்க" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். சம்பந்தம் முடிந்தது. அடுத்த ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை வாசிக்கிறார்கள். நகைநட்டு ஒன்றும் வேண்டாம், அந்த வண்டியை மட்டும் பையனுக்குக் கொடுத்துவிடுங்கள் என்கிறார். ஆகவே தாங்கள் இப்போது வரவே வேண்டாம். தாலி ஏறும்வரை அந்த நாற்றத்துக்கு ஒரு குறையும் வரக்கூடாது. தாலி ஏறிய அன்றைக்கே புதுக்குழாய் போட்டுவிடுங்கள், அதில் ஏறப் போகிறது என் குழந்தை. மணம் எங்கே என்று சம்பந்தி கேட்டால், பெட்ரோல் தீர்ந்துபோயிற்று என்று சொல்லிக்கொள்ளலாம். யுத்த காலம், யார் வீட்டில்தான் தீரவில்லை?