தொண்ணூறு சதவீதப் படகு

பழுது பார்ப்பவர் என்று ஓர் இனம் உண்டு. பழுது பார்த்து முடிப்பவர் என்ற இனத்தோடு அதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டுக்கும் கொள்வினை கொடுப்பினைகூடக் கிடையாது.

ஜனக்புரி முதல் மாடி சிவஞானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய சர்க்காரில் முப்பத்தாறு வருஷம் ஃபைல் பார்த்தவர். ஓய்வுபெற்ற மறு மாதமே, வஜீராபாத் பக்கம் யமுனைக் கரையில் கவிழ்ந்து கிடந்த பழைய மரப்படகு ஒன்றை வாங்கி, டெம்போவில் ஏற்றி வந்து, கார் நிறுத்தும் இடத்தில் இறக்கி, காரைத் தெருவுக்குத் துரத்திவிட்டு, படகுக்கு நீலத் தார்பாலின் போர்த்தி, இரண்டே மாதத்தில் யமுனையில் விட்டுவிடுவதாக மனைவி பூங்கோதையிடம் சத்தியமும் செய்தார். ஆயிற்று, நான்கு வருஷம்.

வேலை எவ்வளவு முடிந்தது என்கிறீர்களா? தொண்ணூறு சதவீதம். எந்த வருஷம் கேட்டாலும் தொண்ணூறுதான். பலகையைச் சுரண்டுவார், அடியில் பழைய பச்சை பெயின்ட் தெரியும், அதே பச்சையைத் தேடிக் கீர்த்தி நகர் முழுக்க அலைவார், கிடைத்த பச்சை கொஞ்சம் வெளுப்பு என்று வெறுங்கையோடு திரும்புவார். துடுப்பின் நீளம் பற்றி மட்டும் பதினோரு பக்கம் நோட் போட்டிருக்கிறார். நோட் எழுதியவரும் அவரே, அதற்கு ஆட்சேபம் எழுப்பியவரும் அவரே. நீச்சல் தெரியாது.

போன ஆவணியில் பூங்கோதைக்குப் பொறுமை தீர்ந்தது.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். படகு மிதந்தா சரி. இல்லன்னா பழைய சாமான் எடுக்கிற கபாடிவாலாவைக் கூப்பிட்டுத் தூக்கிக் குடுத்துடுவேன்."

"கடைசிக் கோட்டிங் ஒண்ணுதான் பாக்கி பூங்கோதை."

சனிக்கிழமை பிடித்தது மழை. சாக்கடைகள் எதிர்த்துக்கொண்டு, காலை பத்து மணிக்குள் வளாகத்தில் தொடையளவு தண்ணீர். தெருவில் நின்ற கார் பாதி முங்கியது. படகு மெல்ல அசைந்தது, முனகியது, எழுந்து மிதந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

மூன்றாம் மாடி செந்தில்குமார் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கி வந்தார். "அரே வா, மிதக்குதே சார். ஜல்தி, என் மாமியாரை மெட்ரோ வரைக்கும் விட்டுடுங்க."

பால்கனியிலிருந்து பூங்கோதை வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள்: "அப்பாடா, முடிஞ்சுது. திங்கக்கிழமையே யமுனைக்கு அனுப்பிடலாம்."

சிவஞானம் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். முடிந்துவிட்டதா? அப்படியென்றால் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு எதற்காக எழுந்திருப்பது? எழுந்து, யாரிடம் என்ன வேலை இருக்கிறது என்று சொல்வது? ஃபைல் போனபோது இந்தப் படகு இருந்தது. படகும் போனால் மனிதருக்கு என்ன மிச்சம்? நிஜமாகவே பயந்துபோனார்.

"அடியில ஒரு ஆணி பார்க்கணும்" என்று சொல்லிவிட்டுப் படகில் ஏறித் தார்பாலினுக்குள் புகுந்தார். உள்ளேயிருந்து பேட்டரி டிரில் மெஷினின் சத்தம் வந்தது. கால் மணி நேரத்தில் படகு மரியாதையாக அமிழ்ந்து தரை தட்டியது. படி வரை இறங்கி வந்த மாமியார் அப்படியே திரும்பிவிட்டார்.

"என்னங்க பண்ணினீங்க?"

"மிதந்தா சரின்னுதானே சொன்னே? மிதந்துச்சு, செந்தில்குமார் சாட்சி. இப்ப ஒழுகுது. அது வேற கேஸ், புது ஃபைல் போடணும்" என்றார் சிவஞானம், தொடையளவுத் தண்ணீரில் புது மாப்பிள்ளையாக நின்றுகொண்டு.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டுப் பரணில் நரம்பு மட்டும் மாட்டாத வீணையோ, பால்கனியில் சங்கிலி மட்டும் பூட்டாத சைக்கிளோ, மேஜை இழுப்பறையில் கடைசி அத்தியாயம் மட்டும் எழுதாத நாவலோ ஏதாவது இருக்குமே? எடுங்கள், இன்று சாயங்காலமே உட்கார்ந்து முடித்துவிடலாம்.

என்ன, முகம் ஏன் இப்படி மாறுகிறது?