மானுக்கு மட்டும் கேட்காத ரம்பம்

அமெரிக்காவில், சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே உள்ள அந்தக் காட்டூரில், நவம்பர் பிறந்தால் பெட்ரோல் பங்கிலும் மதுக்கடையிலும் கூட்டம் நெரியும். இந்த வருஷம் இரண்டும் ஈ ஓட்டின. ஊரே பிரதர் லைலின் வெல்டிங் பட்டறை வாசலில் நின்றது. ஆரஞ்சுத் தொப்பி போட்ட ஆண்பிள்ளைகள், காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கி வருவதுபோல், மடக்கு ரம்பத்தையும் பரண் சங்கிலியையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

நோய் ஒன்றுதான்: சத்தம். மரத்தில் பரண் கட்டி ஏறி, விறைக்கும் குளிரில் மூன்று மணி நேரம் மூச்சுகூடப் பார்த்து விடுகிறான் வேட்டைக்காரன். மான் வருகிறது. திரும்பும்போது, கிளை நறுக்க இடுப்பில் செருகிய ரம்பம் ஏணிப் படியில் ‘டிங்’ என்கிறது. அவ்வளவுதான், மான் அடுத்த ஊருக்குப் போய்விடும். இதற்கு மருந்து ஊரில் எல்லோருக்கும் தெரியும். பிடியில் துணி டேப், சங்கிலிக்குப் பழைய சைக்கிள் டியூப், கொக்கிக்கு ஒட்டுத்துணி. ஒரு சாயங்கால வேலை. ஆனால் உட்கார்ந்து செய்ய வேண்டும். அங்கேதான் இடித்தது.

உட்கார வேண்டாத வழியைக் கண்டுபிடித்தார் பிரதர் லைல். கருவியின் மேல் மூன்று முறை ஊதுவார், ஏரித் தண்ணீர் ஒரு சொட்டு விடுவார், காதோடு ஏதோ சொல்வார். கருவிக்கு எங்கே காது என்று யாரும் கேட்கவில்லை. அதன்பின் அந்த இரும்பு ஊமை.

“ஆனா பிரதர், ஆட்டினா சத்தம் கேக்குதே” என்றார் முதல் நாளே கிழவர் வெண்டல்.

“உங்களுக்குக் கேக்கும் வெண்டல். மானுக்குக் கேக்காது” என்றார் லைல்.

ஊர் மெய்சிலிர்த்தது. போய் மானிடம் விசாரித்துவிட்டா வர முடியும்?

நிபந்தனை ஒன்று உண்டு. சுற்றியிருக்கும் டேப், டியூப் எல்லாவற்றையும் உரித்துவிட வேண்டும். மூடி வைத்த இரும்புக்குள் மௌனம் இறங்காதாம். கருவிக்கு இருபது டாலர் காணிக்கை. மான் விழுந்தால் பின்தொடை ஒன்று பிரதருக்கு. மான் விழாவிட்டால்? விசுவாசம் ஒழுகுகிறது என்று பொருள். மறுபடி வந்து ஊதிக்கொள்ள வேண்டும்.

ஐலாவின் புருஷன் ரோட்னிக்கு விசுவாசம் இரண்டு தடவை ஒழுகிவிட்டது.

ஐலா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ரோட்னி வேலை பார்த்த மர ஆலை கோடையில் மூடிவிட்டது. வீட்டில் அவர்களோடு சேர்த்து நான்கு வாய். நிலவறையில் இருக்கும் பெரிய ஃப்ரீசரில் பட்டாணிப் பொட்டலம் இரண்டும் ஐஸ்கட்டியும் மட்டும் இருந்தன. ஐந்து மாதப் பனிக்காலத்துக்குக் கறி வேண்டுமென்றால் இந்தப் பருவத்தில் ஒரு மான் விழுந்தாக வேண்டும். பருவம் முடிய எட்டு நாள் பாக்கி. ஐலா ராத்திரிகளில் படுத்துக்கொண்டு பட்டாணியை எண்ணினாள். பயமாகத்தான் இருந்தது.

“நேத்து வந்தது எட்டுக் கிளைக் கொம்பு” என்றான் ரோட்னி, சனிக்கிழமை காலை காபிக்கு முன்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. “பதினஞ்சு கஜம். துப்பாக்கியத் தூக்கினேன், பெல்ட்டுக் கொக்கி படியில பட்டுச்சு. ஓடிருச்சு.”

“அந்தக் கொக்கிக்கு நான் டியூப் சுத்தி வச்சிருந்தேனே?”

“உரிச்சுட்டேன். பிரதர் சொன்னாரு.”

“சரி. டிங்குன்னு உனக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“மானுக்கும் கேட்டிருக்கு. அதான் போயிருச்சு. இதுல என்ன ரகசியம் இருக்கு ரோட்னி?”

“என் மனசுல சந்தேகம் இருந்திருக்கு ஐலா. இப்பவே போயி இன்னொரு தரம் ஊதிக்கிட்டு வந்துர்றேன்.”

அவள் வண்டிச் சாவியை எடுத்தாள். “நானும் வரேன்” என்றாள்.

பட்டறைக்குப் பின்னால் வேலி போட்ட கொட்டில். அதற்குள் மார்த்தா என்ற பெண்மான், லைல் குட்டியிலிருந்து வளர்த்தது. சனிக்கிழமை தோறும் அங்கே அற்புதம் நடக்கும். அன்றும் லைல் வேலி ஓரமாக நின்று ஊதிய ரம்பத்தைப் பட்டறைக்கல்லில் ‘டணார்’ என்று அடித்தார். மார்த்தா சோளம் மென்றது. கூட்டம் பெருமூச்சு விட்டது. பிறகு ஊதாத ரம்பம். ‘டணார்.’ மார்த்தா வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு மறுகோடிக்குப் பாய்ந்தது.

“பார்த்தீங்களா” என்றார் லைல் மெதுவாக. அவர் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார். ஏமாற்றுக்கு உரத்த குரல் தேவையில்லை, கேட்கிறவன் தயாராக இருந்தால் போதும்.

எல்லோரும் மானைப் பார்த்தார்கள். ஐலா பார்க்கவில்லை. பதினேழு வருஷமாகக் கண்ணாடியில் நாற்பது பிள்ளைகளைப் பார்த்தபடி பேருந்து ஓட்டியவள் அவள். பின்னால் ஒருவன் அலறினால் அலறுகிறவனைப் பார்க்கக் கூடாது, பக்கத்தில் சாதுவாக உட்கார்ந்திருக்கிறவன் கையைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். லைலின் வலது கை ஊதாத ரம்பத்தை அடித்தபோது இடது கை தொப்பியைச் சட்டென்று கழற்றி ஒரு விசிறு விசிறி மறுபடி மாட்டிக்கொண்டதை அவள் பார்த்தாள். ஊதிய ரம்பத்துக்கு அந்தக் கை சும்மா தொங்கியது.

ரோட்னியின் முறை வந்தது. லைல் ரம்பத்தை வாங்கி ஊதத் தயாரானார்.

“பிரதர், ஒரு நிமிஷம்” என்றாள் ஐலா. “இது ஜெபந்தானே?”

“ஜெபந்தான் சகோதரி.”

“அப்ப தொப்பியோட பண்றீங்களே. நம்ம ஊருல சாப்பாட்டு ஜெபத்துக்கே ஆம்பளைங்க தொப்பியக் கழட்டிருவாங்க.”

வரிசையில் நின்றவர்களுக்கு உறைத்தது. ஆரஞ்சுத் தொப்பிகள் ஒவ்வொன்றாக இறங்கின. வெண்டல் வெட்கத்தோடு வழுக்கையைத் தடவிக்கொண்டார். எல்லோரும் லைலின் தலையைப் பார்த்தார்கள்.

“எனக்குத் தலைவலி, குளிர் ஒத்துக்காது” என்றார் லைல்.

“ஜெபத்துல என்ன குளிர் பிரதர்?” என்றார் வெண்டல்.

வேறு வழியில்லை. அவர் தொப்பியைக் கழற்றினார். மிக மெல்ல, இரண்டு விரலால்தான் கழற்றினார். ஆனால் மார்த்தா அவரைவிட நேர்மையானது. வாலைத் தூக்கியது, கொட்டிலின் மறுகோடிக்குப் பறந்தது.

யாரும் எதையும் அடிக்கவில்லை.

“யாரோ சந்தேகக்காரங்க வந்திருக்காங்க, அது மானுக்குத் தெரியுது” என்றார் லைல்.

“வந்திருக்கேன்” என்றாள் ஐலா. அவர் கையிலிருந்த தொப்பியை வாங்கி ஒரு கவிழ்த்த வாளியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்தாள். ஒரு பிடி சோளத்தை வேலிக்குள் போட்டாள். மார்த்தா யோசித்து யோசித்துத் திரும்பி வந்து மெல்ல ஆரம்பித்தது. “வெண்டல் அண்ணே, பிரதர் காட்டின அந்த ஊதாத ரம்பத்த எடுங்க. நல்லா ஓங்கி ஒண்ணு போடுங்க.”

வெண்டல் போட்டார். ‘டணார்.’ மார்த்தா மென்றது. சங்கிலியை அடித்தார். கொக்கியை அடித்தார். ஆத்திரம் தாங்காமல் பட்டறைக்கல்லை ரம்பத்தாலேயே நான்கு சாத்து சாத்தினார். மார்த்தா இன்னும் சோளம் கிடைக்குமா என்று பார்த்தது. வெல்டிங் பட்டறையில் வளர்ந்த மானுக்கு இரும்புச் சத்தம் தாலாட்டு. லைலின் தலையிலிருந்து இறங்கும் தொப்பிதான் அதற்கு எமன். பாவம், அதனால் எத்தனை அடி வாங்கிப் பழகியதோ.

“அறுபது டாலர் குடுத்தேனேய்யா” என்றார் வெண்டல் லைலைப் பார்த்து. லைல் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அந்தக் கதவு கிறீச்சென்றது. அதற்கு அவர் ஊதவில்லை போலும்.

இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். கராஜில் நுழைந்ததும் ரோட்னி பழைய சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு டியூபை உருவினான். இருவரும் உட்கார்ந்து சுற்றினார்கள். ஒவ்வொன்றையும் காதருகே பிடித்து ஆட்டிப் பார்த்து, சத்தம் வந்த இடத்தில் இன்னொரு சுற்று.

புதன்கிழமை விடிந்து அரை மணியில் துப்பாக்கிச் சத்தம் ஒன்று கேட்டது. ஒன்பது மணிக்கு ரோட்னி மானை இழுத்துக்கொண்டு வந்தான். ஐலா பேருந்தை முற்றத்தில் நிறுத்திவிட்டு இறங்கி, கொஞ்ச நேரம் மானைப் பார்த்தாள், பிறகு புருஷன் தோளில் முகம் புதைத்து அழுதாள். ஃப்ரீசர் நிறையும். தொடை இரண்டும் வீட்டுக்கே.

மத்தியானம் வெண்டல் வந்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, கராஜில் தொங்கும் மானைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“ஐலா, ஒண்ணு மட்டும் சொல்லிரும்மா. நீ சுத்துனது முன்சக்கர டியூபா, பின்சக்கர டியூபா?”

ஐலா அவரையே பார்த்தாள்.

“அண்ணே, வீட்டுக்குப் போயி ரம்பத்தக் காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாருங்க. உங்களுக்குக் கேட்டா மானுக்கும் கேக்கும். அதத் தெரிஞ்சுக்கறதுக்கு பிரதரும் வேணாம், நானும் வேணாம். உங்க சொந்தக் காதையே நீங்க நம்ப மாட்டீங்கன்னா, அடுத்தவன் வந்து அதுல ஊதிட்டுத்தான் போவான்.”

வெண்டல் தலையாட்டினார். வெளியே நடந்தார். வண்டிக் கதவைத் திறந்தவர் நின்று, திரும்பிப் பார்த்தார்.

“பின்சக்கரந்தானே?” என்றார்.