ராயல் பிட்டெர்னியின் பிரிக்க முடியாத அங்கம்

மனித நாகரிகத்தின் உச்சம் எது என்பதில் அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எழுத்து என்கிறார் ஒருவர், மருத்துவம் என்கிறார் இன்னொருவர். இருவருமே ஸ்காட்லாந்தின் கடலோர ஊரான பிட்டெர்னிக்கு வந்ததில்லை என்பது தெளிவு. வந்திருந்தால், முப்பதாயிரம் பேர் மழைக்கோட்டோடு நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு மனிதர் ஒரு சின்ன வெள்ளைப் பந்தை ஒரு சின்னக் குழிக்குள் தள்ளுவதைப் பார்க்கும் காட்சியைவிட மேலான ஒன்று மனித குலத்திடம் கிடையாது என்று ஒப்புக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பியிருப்பார்கள்.

முங்கோ இம்ரி ஒப்புக்கொண்டு முப்பது வருடம் ஆகிவிட்டது. அவர் ராயல் பிட்டெர்னி கோல்ஃப் கழகத்தின் கௌரவச் செயலாளர். நீலக் கோட்டு, பித்தளைப் பொத்தான்கள், இஸ்திரி போட்டது போன்ற மீசை. மதிப்பெண் அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் பதினான்கு உள்ளூர் விதிகளும் அவர் எழுதியவை. அவற்றை முழுவதும் படித்த ஒரே மனிதரும் அவர்தான்.

எண்பது வருடம் விடாமல் மனுப் போட்ட பிறகு, அந்த ஜூலையில்தான் நாட்டின் மாபெரும் சாம்பியன்ஷிப் முதல் தடவையாகப் பிட்டெர்னிக்கு வந்தது. வியாழன் தொடங்கி ஞாயிறு முடிய நான்கு நாள் ஆட்டம். வாகனம் நிறுத்த ஒரு துணைக்குழு, சாண்ட்விச்சுக்கு ஒரு துணைக்குழு, கடற்காகங்களைக் கண்ணியமாக விரட்ட ஒரு துணைக்குழு. கடலிலிருந்து வரும் பனிமூட்டத்துக்கு மட்டும் துணைக்குழு போடவில்லை.

அந்த அவமதிப்பைத் தாங்காத கடல்மூட்டம் ஞாயிறு மாலை ஐந்தரைக்கு வந்து இறங்கியது. மற்ற எல்லாரும் ஆடி முடித்துவிட்டார்கள். கடைசியாக ஆடிக்கொண்டிருந்த அமெரிக்கர் வேட் ஹாலிங்கருக்கு ஒரே ஒரு குழி, பதினெட்டாவது, பாக்கி. நான்கே அடி அடித்து அதில் பந்தைப் போட்டுவிட்டால் கோப்பை அவருக்கு. ஆனால் அவருக்குத் தன் பூட்ஸே தெரியவில்லை. மீதி ஆட்டம் மறுநாள் காலை பத்து மணிக்கு என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை. செயற்குழு அறையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

விஷயம் இதுதான். அந்தப் புல்வெளி கழகத்துடையது இல்லை, ஊருடையது. கழகத்துக்கு அங்கே ஆட மட்டும்தான் அனுமதி. திங்கட்கிழமைகளில் பிட்டெர்னிப் பெண்கள் அங்கே துணி காயப்போடலாம் என்று ஒரு பழைய மன்னர் சாசனம் எழுதிக் கொடுத்திருந்தார். அரண்மனையிலும் ஈரத்துணிப் பிரச்சினை இருந்திருக்கும். கூடவே ஒரு நிபந்தனை: மழையில்லாத ஒரு திங்கட்கிழமை, சூரியன் மறையும்வரை அங்கே ஒரு துணியாவது இடைவிடாமல் தொங்கவில்லை என்றால், ஊரின் உரிமை அன்றோடு தீர்ந்தது, நிலம் கழகத்துக்குச் சேரும். துணி உலர்த்தும் இயந்திரம் வந்த பிறகு ஊரில் எல்லாரும் வெளியே காயப்போடுவதை விட்டுவிட்டார்கள். துறைமுகத் தெருவில் ஆறு அறைத் தங்கும் விடுதி நடத்தும் எஃபி கூர்லே மட்டும் விடவில்லை. பதினோரு வருடமாக, ஊர் மொத்தத்துக்கும் சேர்த்து, பதினெட்டாவது குழியின் பக்கத்திலிருக்கும் இரண்டு இரும்புக் கம்பங்களுக்கு நடுவே அவர் ஒருவர்தான் துணி போட்டுவந்தார். அவர் ஒரு திங்கள் தவறினால், பிள்ளைகள் பட்டம் விடுவதும் நாய்கள் ஓடுவதும் மீன்காரர்கள் குறுக்கே நடந்து வீடு போவதும் அன்றோடு சரி.

"கடவுளாப் பாத்து மூட்டத்தை அனுப்பியிருக்கார்," என்றார் கழகத் தலைவர் கர்னல் மெல்டிரம். "நாளைக்கு டெலிவிஷன்ல உலகமே பாக்கப்போகுது. அங்க ஒரு துணி தொங்கக் கூடாது. அந்தம்மாகிட்ட மரியாதையாச் சொல்லுங்க இம்ரி. ஒரே ஒரு திங்கக்கிழமை. அவ்வளவுதானே கேக்கறோம்."

"ஒரு திங்கக்கிழமை போனா எல்லாத் திங்கக்கிழமையும் போயிடுமே, கர்னல்."

"அப்படியா? அடடா, எனக்கு அது தோணவே இல்ல பாருங்க," என்றார் கர்னல், மேசை டிராயரிலிருந்து இரும்பு வேலியின் வரைபடத்தை எடுத்து விரித்தபடி.

உடனே 'துணி நல்லெண்ணத் தூதுக்குழு' என்று ஒன்று ஏகமனதாக அமைக்கப்பட்டது. உறுப்பினர் எண்ணிக்கை ஒன்று. தூது வெற்றி பெற்றால், கழகத்தின் மாடியில் போன வாரம் காலியான ஜன்னலோர நாற்காலி முங்கோவுக்கு என்றும் முடிவாயிற்று. அதில் யார் உட்காருவது என்பதை மரணம் மட்டுமே மாற்றும். முங்கோ அதற்காக எத்தனையோ சவ ஊர்வலங்களில் மனப்பூர்வமாகக் கலந்துகொண்டிருக்கிறார்.

எஃபி சமையலறையில் பருப்பு சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். ஆறு அறையிலும் பத்திரிகைக்காரர்கள்.

"மிஸஸ் கூர்லே, கழகத்தின் சார்பாக ஒரு பணிவான வேண்டுகோள்..."

"என்னடா முங்கோ, புதுசா மிஸஸ் கூர்லேங்கற? ஒண்ணாங்கிளாஸ்ல என் பக்கத்துல உக்காந்து மூக்குச் சிந்தத் தெரியாம அழுதவன்தானே நீ? காலைத் துடைச்சிட்டு உள்ள வா."

முங்கோ காலைத் துடைத்தார். வேண்டுகோளைச் சொன்னார். பதிலுக்குக் கழகம் அவருடைய துணிகளைத் தன் கொதிகலன் அறையில் இலவசமாக உலர்த்தித் தரும் என்றார். தவிர, ஆட்டம் பார்க்க 'மகளிர் பகுதி'யில் ஓர் இடமும் உண்டு.

"அது எங்க இருக்கு?"

"குப்பைத் தொட்டிக்குப் பின்னாடி. ஆனா அங்கேர்ந்து குழிமேல இருக்கற கொடி நல்லாத் தெரியும்."

"என் கொடி என் வீட்டு ஜன்னல்லேர்ந்தே தெரியுது. இங்க பாரு, நான் நாளைக்குப் போடலேன்னா வேலி போடுவீங்க. அதானே?"

"வேலியைப் பத்தி எனக்கு அதிகாரபூர்வமா ஒண்ணும் தெரியாது."

"அதிகாரம் இல்லாம?"

முங்கோவுக்குப் பொய் சொல்ல வராது. அதற்கு விதி எதுவும் இல்லாததால் பழக்கமில்லை. "வரைபடம் அழகா வந்திருக்கு," என்றார்.

எஃபி கரண்டியைக் கீழே வைத்தார். "சரி, நீயும் பாவம். சாசனத்துல எத்தனை துணி போதும்னு இருக்கு?"

"ஒண்ணு."

"அப்ப ஒண்ணே ஒண்ணு போடறேன். படுக்கை விரிப்பெல்லாம் வீட்டுக்குப் பின்னாடி காயட்டும். போதுமா?"

"ரொம்ப நல்லது எஃபி. அது காத்துல படபடன்னு அடிக்காம மட்டும் பாத்துக்கோ. ஆட்டக்காரங்களுக்குக் கவனம் சிதறும்."

"முடிச்சுப் போட்டுடறேன். சூப் குடிச்சிட்டுப் போ."

துணி முற்றிலும் ஒழியவில்லை என்றாலும் 'எண்ணிக்கையில் கணிசமான குறைப்பு' ஏற்பட்டிருப்பதாக முங்கோ அறிக்கை தந்தார். நாற்காலியைக் கர்னல் 'பரிசீலனை'யில் வைத்தார்.

திங்கள் காலை நல்ல வெயில், நல்ல காற்று. இரண்டு கம்பங்களுக்கு நடுவே எஃபி சொன்னபடியே ஒரே ஒரு துணிதான் தொங்கியது. அது அவர் கணவர் டாம் கடலுக்குப் போகும்போது உள்ளே அணியும் சிவப்புக் கம்பளி நிஜார். இடுப்பிலிருந்து கணுக்கால்வரை நீளம். கணுக்கால் இரண்டிலும் கெட்டியான முடிச்சு.

"ஏன் இதைப் போய்ப் போட்டே?" என்றார் முங்கோ.

"ஊர்லயே தடிமனான துணி இதுதான். சாயங்காலம் வரைக்கும் காயாது. காஞ்சு போச்சு, எடுத்துடுன்னு உங்க ஆளுங்க பத்து மணிக்கே வந்து நிக்க முடியாது பாரு."

நிஜார் படபடக்கவில்லை. முடிச்சுப் போட்டிருந்ததால் காற்று உள்ளே புகுந்து, விருந்து சாப்பிட்ட ஆள் மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. அது ஸ்காட்லாந்தின் பாரம்பரியக் காற்றுமானி என்று டெலிவிஷன் வர்ணனையாளர் தாழ்ந்த குரலில் உலகத்துக்கு விளக்கினார்.

ஹாலிங்கரின் முதல் அடி அற்புதம். இரண்டாவது அடியும் அற்புதம்தான், காற்று தலையிடும்வரை. பந்து மேலே எழுந்தது, முப்பதாயிரம் தலைகள் கூடவே எழுந்தன. பந்து வளைந்து இறங்கி நிஜாரின் இடுப்பு வழியாக உள்ளே போய், இடது காலில் வழுக்கி, முடிச்சில் போய் உட்கார்ந்தது. கம்பளி அல்லவா, ஒரு சத்தம்கூட இல்லை.

ஹாலிங்கர் வந்து நிஜாரைச் சுற்றி ஒரு முறை நடந்தார். "இதுக்கு என்ன சட்டம்?" என்று கேட்டார்.

"குப்பை!" என்று கர்னல் மூச்சிரைக்க ஓடி வந்தார். "வெறும் குப்பை. எடுத்துத் தூரப் போடுங்க இம்ரி. பந்தைக் கீழ வச்சு ஆடட்டும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்களே கழட்டுங்க. மத்தியானமே ஜன்னலோரத்துல உக்காந்துடலாம்."

கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் எஃபி நின்றிருந்தார். "முங்கோ, சூரியன் இன்னும் உச்சிக்கே வரல. இப்ப அதை எடுத்தா ஊர் நிலம் போச்சு. தெரியுமில்ல?"

முங்கோவுக்குத் தெரியும். அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் பதினெட்டாவது குழியும் அதற்கப்பால் கடல் முழுவதும் தெரியும் என்பதும் தெரியும். அவருக்கு அது வேண்டும், வெட்கமில்லாமல் வேண்டும். கை தானாகவே துணி கிளிப்பை நோக்கிப் போயிற்று.

எஃபி கெஞ்சவில்லை. "உன் அட்டையில என்னடா எழுதியிருக்கே?" என்றார். "சத்தமாப் படி."

முங்கோ அட்டையை எடுத்தார். விதி பதினொன்று. பத்தொன்பது வருடம் முன்பு, ஓர் இடிந்த கல்சுவரை மனதில் வைத்து எழுதியது. படிக்கப் படிக்க அவர் முகம் வெளுத்தது. "அரசுச் சாசனத்தின்படி மைதானத்தில் இருக்கும் எப்பொருளும் மைதானத்தின் பிரிக்க முடியாத அங்கம். ஆட்ட நேரத்தில் அதை எவரும் அகற்றலாகாது. பந்து கிடக்கும் இடத்திலிருந்தே ஆடப்பட வேண்டும்."

"அது சுவருக்கு எழுதினது!" என்றார் கர்னல்.

"சுவர்னு போடலியே கர்னல். எப்பொருளும்னு போட்டுட்டேனே."

விதிக்குழு புல்வெளியிலேயே கூடி நாற்பத்தேழு நிமிடம் ஆலோசித்தது. கம்பளி காயக் காயச் சுருங்கும், அப்படியானால் ஆட்டத்தின் நடுவே மைதானத்தின் பரப்பளவு மாறுகிறது, இது செல்லுமா என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். மிக ஆழமான கேள்வி என்று குறிப்பேட்டில் பதிந்தார்கள். நிஜாரைப் பகைநாட்டுப் பிரதேசமாக அறிவிக்க முடியுமா என்றார் கர்னல். முங்கோ தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அநியாயம் செய்ய அவருக்கு ஆசை நிறைய இருந்தது, விதியை மீறத்தான் தைரியம் இல்லை.

"அங்கம்," என்றார் கடைசியில். "பந்து கிடக்கிற இடத்துலேர்ந்தே ஆடணும்."

"எழுத்துல குடு," என்றார் எஃபி. "உங்க தலைவரும் கையெழுத்துப் போடட்டும்."

கர்னல் மறுக்க வாயைத் திறந்தார். கேமரா அவர் பக்கம் திரும்பியது. புன்னகையோடு கையெழுத்துப் போட்டார். திருமதி கூர்லேயின் துணி ராயல் பிட்டெர்னி மைதானத்தின் பிரிக்க முடியாத அங்கம் என்று கழகமே தன் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டது. இனி வேலி போட்டால் தன் அங்கத்துக்குத் தானே வேலி போட்டதாகும். கயிற்றுக்கு வெளியே நின்ற மீன்காரர்கள் தொப்பியை மேலே வீசினார்கள்.

ஹாலிங்கர் நிஜாரின் இடது காலைக் குறிவைத்து மூன்றாவது அடி அடித்தார். முடிச்சு அவிழ்ந்தது. பந்து புல்லில் விழுந்து, உருண்டு, குழிக்கு நாலு முழம் தள்ளி நின்றது. நான்காவது அடியில் உள்ளே போயிற்று. கோப்பையை உயர்த்திப் பிடித்தபோது, தன் மனைவிக்கும் தாயாருக்கும் அடுத்தபடியாக டாம் கூர்லேயின் உள்ளாடைக்கு நன்றி சொன்னார்.

கழகத்தைக் குறுகிய மனதுக்காரர்கள் என்று பேசுபவர்கள் அடுத்து நடந்ததைக் கவனிக்க வேண்டும். சூரியன் மறைந்த மறு நிமிடம் செயற்குழு முழுவதும் நீலக் கோட்டோடு வரிசையாக வந்தது. நிஜாரைக் கிளிப்போடு கழற்றி, வெல்வெட் தலையணையில் வைத்து, முன்வாசல் வழியாக உள்ளே கொண்டுபோனார்கள். வாயிற்காவலர் தொப்பியைக் கழற்றினார். முன்கூடத்தில் வெள்ளிக் கோப்பைகளுக்கு நடுவே கண்ணாடிப் பெட்டி தயாராக இருந்தது. இவ்வளவு பெரிய மனது வேறு எந்தக் கழகத்துக்கு வரும்?

எஃபி வாசற்படிக்கு வந்து நின்றார். காவலர் தொப்பியை மாட்டிக்கொண்டு குறுக்கே கையை நீட்டினார். சத்தம் கேட்டு முங்கோ வெளியே வந்தார்.

"டாம் காலையில கடலுக்குப் போகணும்டா. நிஜாரைக் குடு."

"முடியாது எஃபி. அது இப்ப கழகத்தோட அங்கம். வேற ஒண்ணு வாங்கிக்கோ, கழகமே குடுக்கும்."

"சரி, உள்ள வந்து ஒரு தரம் பாத்துட்டாவது போறேன்."

"எஃபி, உனக்குத் தெரியாதா? இருநூத்திப்பத்து வருஷமா பொம்பளைங்களுக்கு இந்த வாசல்ல அனுமதி இல்ல."

"அதைத் துவைச்சதே நான்தான்டா. அது மட்டும் ராஜா மாதிரி உள்ள போச்சு?"

முங்கோ மீசையைத் தடவினார், அட்டையைப் புரட்டினார், தரையைப் பார்த்தார். பொய் சொல்ல அவருக்கு வராதே.

"அது ஆம்பளை நிஜார், எஃபி."