ஏழாம் பாடத்தில் இல்லாத வசனம்

"முதல் மெலிசாவிட்டைக் கேளுங்கோ. அவள் ஓம் எண்டால் எனக்கும் ஓம்."

"வாற சனிக்கிழமை கட்டாயம் கேக்கிறன், யசோ."

"அதுக்கு முதல் லா ஷப்பெல் தமிழ்க்கடையளுக்குள்ளை ஆரும் எங்களைச் சோடியாய்க் கண்டு, கதை அவளின்ரை காதுக்குப் போச்சுதோ, எல்லாம் முடிஞ்சுது. என்ரை பிள்ளை இதைக் கடைச்சனம் சொல்லி அறியக்கூடாது."

இந்தப் பேச்சு நடந்து இரண்டு வருடம். றெமிஜியஸ் கேட்கப் போகாமல் இல்லை. ஒவ்வொரு முறையும் யசோவின் இருபது வயது மகள் மெலிசா "வுய்?" என்று பிரெஞ்சில் நிமிர்ந்து பார்ப்பாள். ஐம்பது வயது மனிதர் "மழை வரும்போலை கிடக்கு" என்று சொல்லிவிட்டு வீடிருக்கும் செவ்ரானுக்கே திரும்பிவிடுவார்.

கணவர் இறந்து ஒன்பது வருடமாகத் தனியாக மகளை வளர்த்த யசோதா, அவரைச் சந்திக்க ஒரு வழி கண்டுபிடித்தாள். தமிழர் எவரும் எட்டிப் பார்க்காத வகுப்பாகத் தேடி, இருவரும் பாரிஸில் லா ஷப்பெல்லுக்கு அடுத்த மார்க்ஸ் டோர்மோயில் ஸ்பானிஷ் படிக்கச் சேர்ந்தார்கள். றெமிஜியஸ் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகத்தான் வருவார். இன்று ஏழாம் பாடம்: 'வழியில் கார் நின்றுவிட்டால்'.

வகுப்பு முடிந்து வந்து பார்த்தால், சந்தில் நிறுத்தியிருந்த றெமிஜியஸின் கார் உண்மையிலேயே கிளம்பவில்லை.

"நீர் உள்ளை இரும். நான் தள்ளுறன்" என்றார்.

தள்ளினார். சந்து சரிவாக இருந்ததை அவர் யோசிக்கவில்லை. கார் மூலை திரும்பி, லா ஷப்பெல்லின் நட்ட நடுவில், கீர்த்தனனின் பலசரக்குக் கடை வாசலில் போய்த்தான் நின்றது.

"ஐயோ, மெலிசா இந்தக் கடையிலைதான் வேலை செய்யிறாள்!" என்று யசோதா சால்வையை முகத்தில் இழுத்துக்கொண்டு இருக்கையில் சரிந்தாள்.

கீர்த்தனன் அதற்குள் வெளியே வந்துவிட்டான். "என்ன, கார் நிண்டிட்டுதோ?"

தமிழில் பேசினால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். பிரெஞ்சில் பேசினால் முதல் சொல்லிலேயே யாழ்ப்பாணம் எட்டிப் பார்க்கும். றெமிஜியஸ் ஏழாம் பாடத்தை எடுத்து விட்டார்: கார் ஓடவில்லை, உதவி, தயவுசெய்து.

"மி கோச்சே நோ ஃபுன்சியோனா! அயூதா, போர் ஃபவோர்!"

"எங்கடை ஆள் மாதிரிக் கிடக்கு, ஆனால் ஸ்பானிஷ்காரன்" என்றான் கீர்த்தனன்.

கூட்டம் கூடியது. "பற்றரி செத்துப்போச்சு" என்றார் ஒருவர். "மனிசியைப் பாருங்கோ, மயங்கிக் கிடக்கிறா. அம்புலன்சுக்கு அடியுங்கோ" என்றார் இன்னொருவர்.

"நோ! நோ! மூய் பியென்!" என்று, தனக்கு ஒன்றுமில்லையெனச் சால்வை அலறியது.

"ஒருத்தருக்கும் விளங்கேல்லை. பொறுங்கோ, எங்கடை பெட்டை லிசே பள்ளியிலை ஸ்பானிஷ் படிச்சவள்" என்ற கீர்த்தனன், கடைக்குள் திரும்பிக் குரல் கொடுத்தான். "மெலிசா! ஓடி வா பிள்ளை!"

மெலிசா வந்தாள். தொப்பியைப் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தாள். அம்மாவின் பிறந்தநாளுக்குத் தான் வாங்கிக்கொடுத்த பச்சைச் சால்வையைப் பார்த்தாள். முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் கேட்டாள்:

"கே நெசெசீத்தா, செஞோர்?"

உங்களுக்கு என்ன வேண்டும், ஐயா?

றெமிஜியஸ் வாயைத் திறந்தார். எஞ்சின், சக்கரம், தயவுசெய்து என்று பாடம் முழுவதும் மனதில் ஓடியது. அவருக்கு வேண்டியது அதில் எங்கேயும் இல்லை. மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை," என்றார் தமிழில், தெருவே கேட்க. "உன்ரை அம்மாவைக் கலியாணம் செய்ய எனக்கு விருப்பம். உனக்குச் சம்மதமோ?"

சால்வை மெல்ல விலகியது.

எதற்கும் பிரெஞ்சிலேயே பதில் சொல்லும் மெலிசா, கலங்கிய கண்ணோடு "ஓம்" என்றாள். பிறகு முதலாளியிடம் திரும்பினாள்.

"கீர்த்தனன் அண்ணை, காருக்கு ஒரு வருத்தமும் இல்லை. இவரின்ரை மழைக்கதை கேட்டு அலுத்து, வேலைக்கு வரேக்கை சந்திலை காரைக் கண்டு புகைக்குழாய்க்குள்ளை நான் செருகிவிட்ட மரவள்ளிக்கிழங்கை ஒருக்கால் இழுத்து விடுங்கோ."