மூங்கில் வண்டுக்கு ‘ஹம்’ வரவில்லை

ஒரு காட்டில், மரங்களும் கவுன்ட்டர்களும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் இருந்த காலத்தில், மாசிலாமணி என்றொரு மூங்கில் வண்டு இருந்தான். காய்ந்த மூங்கிலில் ஓட்டை போட்டு, மனைவி பொற்கொடியோடு குடியிருந்தான்.

ஒருநாள் மூங்கிலில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். இங்கிலீஷுக்கு ஒரு சொல்லாவது கொடுத்த பிராணிகளுக்குத்தான் இனி காட்டில் வீடு. மற்றவர்கள் இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டும்.

“முட்டை போடுற நேரத்துல எங்கேங்க போறது?” என்று பொற்கொடி கலங்கினாள்.

“எதுக்குடி போகணும்? இங்கிலீஷ்ல ‘ஹம்’னு ஒரு சொல் இருக்கு. நம்ம ரீங்காரம் மாதிரிச் சத்தங்களைக் கேட்டுத்தான் வெள்ளைக்காரன் அதை உண்டாக்கினான். போய்ச் சொன்னாக் கொடுத்துடுவாங்க.”

சொற்பிறப்புச் சான்றிதழ் கவுன்ட்டரில் ஓர் உடும்பு உட்கார்ந்திருந்தது. விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தது.

“பொருள்ங்கிற இடத்துல என்னய்யா எழுதியிருக்கீர்? ‘வீட்டுக்கு வந்துட்டேன்’னா?”

“ஆமா சார். மூங்கிலுக்குள்ள கும்மிருட்டு. வாசல்ல நின்னு ஒரு தடவை இறக்கையை அதிர்த்துவோம். அந்தச் சத்தம் அடையாளம் தெரிஞ்சாத்தான் உள்ளே இருக்கிறவ வழி விடுவா.”

“அகராதியில அப்படி இல்லையே. ‘வாயை மூடிக்கொண்டு எழுப்பும் மெல்லிய ஒலி’ன்னு இருக்கு.” உடும்பு அடித்துத் திருத்தியது. “சரி, இந்தக் கருவி முன்னாடி சத்தத்தைக் கொடும். மெதுவா. அமைதி காக்கணும்னு போர்டு இருக்குல்ல?”

மாசிலாமணி இறக்கையை அதிர்த்தினான். “ஙொய்ய்ய்ங்…”

கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பொருந்தவில்லை.

“ஹ எங்கேய்யா?”

“எங்க பரம்பரையிலேயே ஹ கிடையாது சார். அந்தச் சொல்லுதான் எங்களைப் பார்த்து வந்தது. நாங்க அதைப் பார்த்து வரலை.”

“எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. மைனா டியூஷன் சென்டர்ல சேரும். தவளைகூட அங்கே படிச்சுத்தான் பாஸாச்சு.”

டியூஷன் சென்டரில் மைனா முதல் நாள் பரிவாகத்தான் பேசியது. “உம்ம பழைய சத்தத்தை ஒரு தடவை எழுப்பும். அப்புறம் அதை மறந்துடணும்.” பிறகு அவனை, ஓயாமல் ‘ஹம்’மென்று இரைந்துகொண்டிருந்த ஒரு ஸ்டெபிலைசர் பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்தது. “இதைக் கேளும். இதுதான் அசல்.”

நாற்பது நாள் மாசிலாமணி வீட்டுப் பக்கமே போகாமல் அந்தப் பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். நாற்பத்தோராம் நாள் கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. தொண்ணூற்றெட்டு சதவீதம். உடும்பு எழுந்து கை கொடுத்தது.

சான்றிதழைக் கவ்விக்கொண்டு ஒரே பறப்பாகப் பறந்து வாசலில் நின்றான். இறக்கையை அதிர்த்தினான். “ஹ்ஹம்ம்ம்…”

உள்ளே இருட்டிலிருந்து பொற்கொடி கேட்டாள். “யாருங்க? ஆபீஸா? அவர் வீட்ல இல்லை.”

“நான்தான்டி! வீடு நமக்கே ஆயிடுச்சு! சான்றிதழ் வாங்கிட்டேன்!”

“அப்படிச் சொல்லிக்கிட்டு நேத்துகூட ஒரு குளவி வந்துச்சு. எங்கே, எங்க வீட்டுக்காரர் மாதிரி ஒரு தடவை அதிர்த்துங்க பார்ப்போம்.”

அதிர்த்தினான். ஹம். மறுபடியும் முயன்றான். அதைவிடச் சுத்தமான ஹம்.

“பொருந்தலைங்க” என்றாள் பொற்கொடி, உடம்பால் ஓட்டையை அடைத்துக்கொண்டு. குழந்தைகளைக் காக்கிற எவளும் அதைத்தான் செய்வாள்.

மாசிலாமணி மைனாவிடமே திரும்பி ஓடினான். மைனா ஆச்சரியப்படவே இல்லை. அலகைத் திறந்து, “ஙொய்ய்ய்ங்” என்றது. அச்சு அசலாக அவன் சத்தம். மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது.

“இது எப்படி ஐயா உங்ககிட்ட?”

“முதல் நாள் நீர்தானே எழுப்பிக் காட்டினீர், எடுத்து வெச்சுக்கிட்டேன். அது அடுத்த கோர்ஸ். புது பேட்ச் திங்கட்கிழமை. தவளை ஏற்கெனவே சேர்ந்தாச்சு.”

நீதி: உன்னைக் கேட்டுத்தான் உலகம் ஒரு சொல்லைக் கற்றதென்றாலும், பரீட்சை உனக்குத்தான். டியூஷனில் சேரும்போது வீட்டுக்காரியையும் கையோடு சேர்த்துவிடு.