பரமநாதன் பெண் பார்க்க வராமல் போனதற்கான விளக்கம்

கெலுகோர், பினாங்கு
12.9.1996

மதிப்புக்குரிய திரு. தம்பு அவர்களுக்கு,

அப்புத்துரை எழுதிக்கொள்வது. ஈப்போவில் தாங்களும் தங்கள் துணைவியாரும் செல்வி யோகலட்சுமியும் சுகமாயிருக்கத் தண்ணீர்மலையான் அருள் புரிவாராக. இங்கு நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, உட்கார்ந்தால் எழும்பச் சொல்கிறது, எழும்பினால் உட்காரச் சொல்கிறது.

அன்று தாங்கள் பலகாரம் செய்து, சொந்தபந்தங்களை அழைத்துக் காத்திருக்க, மாப்பிள்ளை வீட்டார் நாங்கள் வராமல் போனது பெரிய பிழை. மன்னிப்புக் கேட்கத்தான் டெலிபோன் எடுத்தேன். தங்கள் தமையனார் எடுத்து, "வேற எடம் பாக்குறீங்கன்னா நேரா சொல்லிடுங்க, நாங்களும் வேற பாத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்தச் சொல்தான் என்னை அறுக்கிறது. ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் மகன் பரமநாதனின் கம்பெனி, ஆபீஸ் கம்ப்யூட்டர்களை உள்ளிருந்து இயக்கும் சிஸ்டத்தை எழுதுகிறது. அதன் நடுவில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. நான் விளங்கிக்கொண்டபடி அது கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருக்கும் சீஃப் கிளார்க். நினைவில் யாருக்கு எவ்வளவு இடம் என்று பங்கிடுவதும், ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குக் கம்பி வழியே செய்தி அனுப்புவதும் அதன் பொறுப்பு. கம்பியில் போகும் செய்திக்கு இவ்வளவு நீளமாவது இருக்கவேண்டும் என்று ஒரு சட்டம் உண்டாம். செய்தி சின்னதாயிருந்தால் மிச்சத்தைப் பூஜ்யம் போட்டு நிரப்ப வேண்டும். என் பிள்ளையின் கெர்னல் நிரப்பவில்லை. அந்த இடத்தில் முன்பு என்ன கிடந்ததோ அதையும் சேர்த்தே அனுப்பிவிட்டது. பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாதென்று என் மனைவி நல்லம்மா ஒரு கைப்பிடி சர்க்கரை போட்டுக் கொடுப்பாள். கழுவாமல் போட்டால் சர்க்கரையோடு நேற்றைய மீன் குழம்பும்தானே போகும்?

இதில் போனது மீன் குழம்பாயிருந்தால் பரவாயில்லை. முதலாளி சந்திரசேகரன் தன் மூல வியாதியைப் பற்றி டாக்டருக்குக் கம்ப்யூட்டரில் ஒரு கடிதம் அடித்திருக்கிறார். அதன் துண்டுகள் கோலாலம்பூரில் இருக்கும் வாடிக்கையாளருக்குப் போகும் சின்னச் சின்னச் செய்திகளின் வாலில் ஒட்டிக்கொண்டு போயிருக்கின்றன. "உட்கார முடியவில்லை" என்பது ஒன்றில், "எரிச்சல் தாங்கவில்லை" என்பது இன்னொன்றில். அங்கே அதைக் கண்டுபிடித்தவர் நல்ல மனிதர். முதலாளியை டெலிபோனில் கூப்பிட்டு ஆறுதல் சொல்லி, ஒரு நாட்டு மருந்தும் சொல்லியிருக்கிறார். முதலாளி சிவந்துபோய், ஓட்டையை அடைக்கும்வரை யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

ஞாயிறு காலை நான் வேட்டி சட்டையோடும், நல்லம்மா பட்டுச்சேலையோடும், கார் நிறையப் பழத்தட்டோடும் கம்பெனி வாசலுக்கே போய்விட்டோம், பிள்ளையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு அப்படியே ஈப்போவுக்கு வந்துவிடலாம் என்று. அவன் அதற்குள் ஓர் ஓட்டையை அடைத்திருந்தான். ஆனால் தூக்கக் கலக்கத்தில், செய்தியை வைப்பதற்கு முன் துடைக்கவேண்டிய இடத்தை வைத்தபின் துடைத்துவிட்டான். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் வெறும் பூஜ்யமாகப் போனது. அதைச் சரிபண்ணினால், கம்பியில் போவதையெல்லாம் சோதித்துப் பார்க்கும் ஹமீதா என்ற பெண் வந்து, இன்னொரு இடத்திலும் ஒழுகுகிறது என்றாள். நான் நடையாய் நடந்தேன். முதலாளிக்கு உட்கார முடியாதென்பது ஊரறிந்ததாகிவிட்டபடியால் அவரும் நடந்தார். இரண்டு பேரும் எதிரும் புதிருமாக நடந்து, சந்திக்கும்போதெல்லாம் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டோம். பழத்தட்டிலிருந்த வாழைப்பழங்களை அவரே தின்று தீர்த்தார், டாக்டர் சொன்னாராம்.

கடைசியில் பொறுக்கமாட்டாமல் பிள்ளையின் கையைப் பிடித்தேன். அவன் திரும்பாமலே சொன்னான், "அப்பா, இன்னும் ஒரு எடம் பாக்கி. அத விட்டுட்டு வந்தா அங்க பொண்ணு மொகம் எனக்குத் தெரியாது லா. ஓட்டதான் தெரியும்." எனக்குக் கோபம் வந்தது. உள்ளே கொஞ்சம் பெருமையும் வந்தது. இருட்டிய பிறகுதான் அவன் எழுந்தான்.

இவ்வளவு படித்த பிள்ளைகளுக்குப் பழையதைத் துடைத்துவிட்டுப் புதியதைப் போடத் தெரியவில்லையே என்பதுதான் என் வருத்தம். அரசாங்க ஆபீசில் நான் சீஃப் கிளார்க்காக இருந்த காலமெல்லாம் ஒரு தாளை வீணாக்கியதில்லை; ஒருபக்கம் எழுதிய தாளின் மறுபக்கத்தில்தான் அடுத்ததை எழுதுவேன், இன்றும் அப்படித்தான். ஆனாலும் என்னிடமிருந்து ஒரு சொல் தவறான இடத்துக்குப் போனதில்லை.

தங்கள் தமையனாருக்கு ஒன்று சொல்லுங்கள். நாங்கள் வேறு இடம் பார்க்கவில்லை, பார்க்க நினைக்கவும் இல்லை. தண்ணீர்மலை முருகன்மேல் சத்தியம். பரமநாதன் யோகலட்சுமியின் போட்டோவைக் கம்ப்யூட்டர் மேலேயே வைத்திருக்கிறான். வரும் ஞாயிறு வர அனுமதி தாருங்கள். பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, தங்கள் வீட்டில் விளக்கு என்றும் நிறைந்து எரியட்டும்.

இப்படிக்கு,
சம்பந்தியாகக் காத்திருக்கும்
அப்புத்துரை

பி.கு.: இதை உறையின் வெளிப்புறத்தில் எழுத நேர்ந்தது. உறையை ஒட்டித் தபால் முத்திரையும் ஒட்டியபின் பார்த்தால், சென்ற மாதம் தைப்பிங்கிலுள்ள கார்த்திகேசுவுக்கு எழுதி அனுப்பிய கடிதத்தின் நகல் மேசையில் இல்லை. இக்கடிதத்தின் கடைசித் தாளின் பின்பக்கமாகத்தான் இருக்கவேண்டும். முத்திரை ஒட்டிய உறையைக் கிழிக்க மனம் வரவில்லை. மறுபக்கம் எழுதுமுன் பழக்கப்படி அதை ஆபீஸ் முறையில் ஒரே கோடு போட்டு அடித்திருப்பேன். அடித்தது வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது விதி. அதில் கார்த்திகேசுவின் மகளைப் பற்றியும், "ஈப்போக்காரர் வாயாடி என்று கேள்வி, அதனால் தங்கள் இடமே எங்களுக்கு விருப்பம்" என்றும் கண்டால் பொருட்படுத்தவேண்டாம். பரமநாதனிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான், இன்னும் நிறுத்தவில்லை. முருகன்மேல் சத்தியம் செய்தது முன்பக்கத்தில். தாங்கள் முன்பக்கத்தை மட்டும் நம்பவும்.