சாம்பிள் எடுத்தது சாப்பிட்டதாகாது

செங்கற்பட்டு,
18-6-72

சிரஞ்சீவி மைத்துனன் லட்சுமணனுக்கு, உன் அக்காள் புருஷன் தாமோதரன் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் அக்காளும் வரலட்சுமியும் சௌக்கியம். உன் அக்காள் மட்டும் சில நாளாக என் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, குழம்பு வேண்டுமா என்று சுவரைப் பார்த்துக் கேட்கிறாள். மற்றபடி குறையில்லை. அவ்விடம் உன் பெண்சாதி பிள்ளைகள், மாடு கன்று, கடலைக்கொல்லை, சவுக்குத்தோப்பு யாவும் சௌக்கியமாயிருக்கக் கோருகிறேன். உன்னுடைய சௌக்கியத்தைக் கோருவதா வேண்டாமா என்பதைக் கடிதத்தின் கடைசியில் யோசித்துச் சொல்கிறேன்.

சதுரங்கப்பட்டினத்து வரனைக் கொண்டு வந்தது நீ. "பையன் பேரு பார்த்தசாரதி மாமா, மாமல்லபுரத்துல வெள்ளக்காரங்க வந்து தங்கற ஓட்டல்ல முக்கியமான பொறுப்புல கீறான்" என்று என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, என் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டு சொன்னாய். முக்கியமான பொறுப்பு என்றால் நான் என்னவென்று நினைப்பேன்? மானேஜர் என்று நினைத்தேன், போனால் போகிறது, ஸ்டோர் கீப்பர் என்று நினைத்தேன். அவர்களும் வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். இதற்கு முன் வந்த வரன்களுக்கெல்லாம் வரலட்சுமி "உங்க இஷ்டம்பா" என்றுதான் சொல்லுவாள். அப்படிச் சொன்னால் பெண்ணுக்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம், அது இந்த வீட்டில் பூனைக்கும் தெரியும். இந்தத் தடவை "எனக்குச் சம்மதம்பா" என்று வாய்விட்டுச் சொன்னாள். சொல்லிவிட்டு, கேட்காமலே என் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தாள். நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா உனக்கு? அந்தச் சந்தோஷத்தில் பஜாருக்குப் போய் நம்ம முட்டை வியாபாரி ஹயாத் பாஷாவிடம் சொன்னேன். அந்த ஓட்டலுக்கு முட்டை போடுகிறவரே அவர்தானே. "யாரு, நம்ம பார்த்தசாரதியா? அங்க ஜப்பான் பார்ல சரக்கு கலக்கிக் குடுக்கறவனாச்சே அண்ணாத்த! நல்ல பையன்" என்றார். கடைசி இரண்டு வார்த்தை என் காதில் ஏறவே இல்லை.

லட்சுமணா, எங்கள் பெரியக்கா கதை உனக்குத் தெரியாததல்ல. சர்க்கார் மதுவிலக்கு வைத்திருந்த காலத்திலேயே அவள் புருஷன் குடித்துக் குடித்துப் போய்ச் சேர்ந்தான். அரிசிப் பானையை வைக்கோல் போருக்குள் ஒளித்து வைத்த குடித்தனம் அது. திருக்கழுக்குன்றத்துக்கு நான் போனால் வாசலிலேயே என்னை நிறுத்தி, "உள்ள வராதடா, தூங்குறாரு" என்பாள். அவள் நெற்றியில் ஒரு வீக்கம் இருக்கும், அதை முந்தானையால் மறைத்துக்கொண்டு சிரிப்பாள். போன வருஷம் சர்க்கார் சாராயக் கடைகளைத் திறந்தபோது நான் ரிடையரான சர்க்கார் உத்தியோகஸ்தன், வாயைத் திறக்கவில்லை. ஆனால் என் பெண் அப்படி ஒரு வாசலில் நிற்கக் கூடாது என்று எனக்குப் பயம். கோபம் என்று உன் அக்காள் சொல்கிறாள். இல்லை, பயம்தான்.

ஆகவே நேரில் போய்ப் பார்ப்பது என்று தீர்மானித்தேன். முப்பது வருஷம் முனிசிபாலிட்டியில் சானிட்டரி இன்ஸ்பெக்டராக இருந்தவன், சொல்லாமல் போனால்தான் சமையலறை உண்மை பேசும் என்பது எனக்குத் தெரியும். பையன் என் முகத்தைப் பார்த்திருக்கிறான் என்பதால், கண் ஆபரேஷனுக்குக் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆனி மாதப் புழுக்கத்தில் கழுத்திலிருந்து காதுவரை மப்ளரைச் சுற்றிக்கொண்டேன். இன்னொரு தீர்மானமும் செய்தேன். சம்பந்தம் முடிவாவதற்கு முன் பெண் வீட்டுக்காரன் மாப்பிள்ளை பக்கத்தில் கை நனைக்கக் கூடாது. ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்தாலும் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள், அப்புறம் பேச்சை மாற்றினால் மரியாதை இல்லை. ஆகையால் வீட்டிலேயே வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். பாஷாவின் முட்டை வேனில் பயணம். முன்சீட்டில் ஒரு அட்டை முட்டையை என் மடியில் வைத்து, "ஆடாம குந்து அண்ணாத்த, ஒடஞ்சா ஒரே பேஜாரு" என்று சொல்லிவிட்டு அவர் மட்டும் பள்ளத்தில் எல்லாம் இறக்கி ஏற்றி ஓட்டினார். மாமல்லபுரம் வருவதற்குள் சாப்பிட்டதெல்லாம் ஜீரணமாகிவிட்டது. அங்கேதான் சனி பிடித்தது.

அந்த ஓட்டல் முதலாளி ஜப்பானில் கப்பல் கம்பெனியில் பல வருஷம் இருந்தவராம். அங்கே பார்த்த மாதிரியே ஓட்டலுக்குப் பின்பக்கம், கடல் பார்த்த அறையில், எட்டுப் பேர் உட்காருகிற அளவுக்கு ஒரு பார் கட்டியிருக்கிறார். வாசலில் சிவப்புக் காகிதக் கூண்டுக்குள் ஒரு விளக்கு. கதவுக்கு மேலே தொங்கின திரை பாதிக்குக் கீழே வரவில்லை, அதிலும் மூன்று இடத்தில் கிழிசல். முதல் குற்றம் என்று மனசில் குறித்துக்கொண்டேன். ஜப்பானில் திரையே அப்படித்தான் தைப்பார்களாம், அது அப்புறம் தெரிந்தது. கதவைத் தள்ளினேன், திறக்கவில்லை. இழுத்தேன், திறக்கவில்லை. தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினேன். அது பக்கவாட்டில் நகர்த்துகிற கதவு. முழுசாகக் கழன்று என் கையோடு வந்துவிட்டது. கறுப்புக் கண்ணாடியில் எதுவும் தெரியாமல், கதவைக் கட்டிப் பிடித்துக்கொண்டே உள்ளே போய் நின்றேன். பையன் ஓடி வந்து, "குடுங்க சார், நான் மாட்டிக்கறேன். இது அடிக்கடி நடக்கறதுதான்" என்று கதவை வாங்கிக்கொண்டான். என்னை அடையாளம் தெரியவில்லை என்று நிம்மதியாக உட்கார்ந்தேன்.

உட்கார்ந்ததும் ஒரு சின்ன மூங்கில் தட்டில் வெள்ளையாக, ஆவி பறக்க, சுருட்டின ஒன்றை முன்னால் வைத்தான். குழாய்ப் புட்டு என்று நினைத்து, "வேணாம், சாப்ட்டாச்சு" என்று தள்ளிவிட்டேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரன் தன் புட்டை விரித்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். துண்டு! கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்த துண்டு! செங்கற்பட்டு ஓட்டல்காரர்களிடம் டம்ளரைக் கொதிதண்ணியில் கழுவுங்கடா என்று முப்பது வருஷம் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன், ஒருத்தன் கேட்டதில்லை. இங்கே வந்தவனுக்கெல்லாம் கொதித்த துண்டு. என் மனசு கொஞ்சம் இளகியது உண்மை. கையைத் துடைத்துக்கொண்டேன். அது கை நனைத்த கணக்கில் சேராது.

"எதுவும் வேணாம், சும்மா உக்காந்துட்டுப் போறேன்" என்றேன். "சும்மா உக்காந்தாலும் சின்னதா ஒண்ணு வரும் சார், இங்க பழக்கம் அது" என்று அவித்த வேர்க்கடலையை ஒரு கிண்ணத்தில் வைத்தான். வாசனையிலேயே தெரிந்தது, உங்கள் செய்யூர்ப் பக்கத்துக் கடலை. நான் தொடவில்லை. ஆனால் முப்பது வருஷ வழக்கம் லேசில் விடுமா? கடலையில் பூஞ்சை இருந்தால் ஜனங்கள் கதி என்ன? ஆகவே ஒரு சாம்பிள் எடுத்தேன். சாம்பிளை மூன்று பங்காக எடுக்க வேண்டும் என்பது சட்டம். மூன்றையும் நானே எடுத்தேன். கிண்ணம் காலியானதும் நெத்திலி வறுவல் வந்தது. நெத்திலியில் மணல் இருக்குமே, பார்க்க வேண்டாமா? அப்புறம் கோழித்துண்டைக் குச்சியில் கோத்துக் கரியில் சுட்டது, உள்ளே வெந்திருக்கிறதா என்று பார்த்தேன். அப்புறம் பாய் சுருட்டின மாதிரி சுருட்டின முட்டை அடை, அதைப் பார்த்தது பாஷா போடுகிற முட்டை அழுகலா என்று தெரிந்துகொள்ள. அப்புறம் காடியில் ஊறின வெள்ளரிக்காய். ஒவ்வொன்றிலும் மூன்று பங்கு. குற்றம் ஒன்றும் கிடைக்கவில்லை, லட்சுமணா. பையன் விரல் நகத்தைப் பார்த்தேன், ஒட்ட வெட்டியிருந்தது. கிளாஸைத் துடைத்துவிட்டு விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்த்துத்தான் வைத்தான். முனிசிபல் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் மிக்ஸர் மருந்தைக் குலுக்குகிற மாதிரி ஒரு வெள்ளிக் கூஜாவைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினான், அதிலும் ஒரு சொட்டு சிந்தவில்லை. எனக்கு நன்னாரியும் எலுமிச்சையும் இஞ்சியும் போட்டு ஒன்று குலுக்கி, "இதுல சரக்கு இல்ல சார், தைரியமா குடிங்க" என்று வைத்தான். சரக்கு இருக்கிறதா இல்லையா என்று சோதிப்பது என் கடமை. சோதித்தேன். இல்லை.

அப்போது மூலையில் இருந்த ஒரு ரோடு காண்ட்ராக்டர் கிளாஸைத் தட்டி, "இன்னொண்ணு ஊத்துடா" என்று கத்தினான். பையன் ஊற்றவில்லை. "போதும்ணே. வூட்டுல அண்ணி பாத்துகினு இருப்பாங்க. ஓட்டல் ஜீப்பு நிக்குது, கொண்டுபோய் வுடச் சொல்றேன்" என்று சொல்லிக்கொண்டே அந்த ஆளின் ஸ்கூட்டர் சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, ஒரு கிண்ணம் மிளகு ரசத்தை முன்னால் வைத்தான். "டப்பு குடுக்கறவன் நானு, போதும்னு சொல்ல நீ யார்ரா?" என்று அவன் என்னென்னவோ திட்டினான். எழுதத் தகாத வார்த்தைகள். பையன் முகம் மாறவில்லை. "நாளைக்கு வந்து திட்டுண்ணே, கேட்டுக்கறேன்" என்றான். கடைசியில் அந்த ஆள் ரசத்தைக் குடித்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் அத்தானுக்கு ஊற்றிக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். அதில் ஒருத்தனாவது போதும் என்று சொல்லியிருந்தால் அக்கா இன்னும் பூ வைத்துக்கொண்டிருப்பாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

ஆனாலும் விடவில்லை. "ஏம்பா, நீ குடிப்பியா?" என்று கேட்டேன். "குடிக்க மாட்டேன் சார். கலக்கினது சரியா கீதான்னு ஒரு சொட்டு நாக்குல வச்சிப் பாப்பேன், துப்பிடுவேன். அது வேலைக்காக" என்றான். அதாவது சாம்பிள்! மூன்று பங்கு வீதம் அத்தனை தட்டையும் காலி செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவன், சாம்பிள் செல்லாது என்று எந்த வாயால் சொல்லுவேன்?

இந்த இடத்தில் ஹயாத் பாஷா முட்டையை இறக்கிவிட்டு உள்ளே வந்தார். கதவை அழகாக நகர்த்தித் திறந்தார். என் முன்னால் இருந்த தட்டுகளைப் பார்த்தார். "இன்னா அண்ணாத்த, மாப்ள கையால இந்தப் போடு போட்டுகினு கீறே! அப்ப முடிச்சிட்டியா? அல்லா காப்பாத்துவான்!" என்று எட்டுப் பேருக்கும் கேட்கும்படி கூவினார். நான் மப்ளரை இன்னும் மேலே இழுத்தேன். பையன் தலையைக் குனிந்துகொண்டு, "கதவத் தூக்கினு வந்தப்பவே தெரியும் மாமா. நீங்களா சொல்லாம நான் கேக்கக் கூடாதுன்னுதான்..." என்றான். அதோடு போயிற்றா? சமையலறையிலிருந்து தோசைக்கரண்டியோடு ஒருத்தர் ஓடி வந்தார். சீனு என்று பேராம், அங்கே தலைமைச் சமையல்காரர், பையனுக்குச் சொந்தத் தாய்மாமன்! ஒவ்வொரு தட்டையும் உள்ளேயிருந்து எண்ணி எண்ணி அனுப்பினவர் அவர்தான். "சம்பந்தி கை நனைச்சிட்டாரு! எங்கக்காகிட்ட இப்பவே போய்ச் சொல்றேன்!" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அடுப்பில் கோழி இருந்தது, அதையும் பார்க்கவில்லை. மறுநாளே சதுரங்கப்பட்டினத்திலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழமும் பூவும் வெற்றிலை பாக்கும் வந்துவிட்டன. உன் அக்காள் கூடத்தில் நின்று, "என்னைக் கேக்காம, பொண்ணைக் கேக்காம, முட்டை வண்டியில போயி முடிச்சிட்டு வந்தியா?" என்று கேட்டவள்தான், அதற்குப் பிறகு சுவரோடுதான் பேசுகிறாள். வரலட்சுமியிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கண்ணாடியை மட்டும் தினம் துடைத்து வைக்கிறாள், அதுதான் தாங்க முடியவில்லை.

ஆகவே இக்கடிதம் கண்டதும் நீ உடனே சதுரங்கப்பட்டினம் புறப்பட்டுப் போய், அவர்களிடம் கீழ்க்கண்டவாறு தெளிவாகச் சொல்லவும். அன்று நான் உட்கொண்டது யாவும் பரிசோதனை நிமித்தம் எடுத்த சாம்பிளே. சாம்பிள் எடுத்ததைச் சாப்பிட்டதாகக் கொள்ளலாகாது. ஆதலால் இன்றுவரை நான் கை நனைக்கவில்லை. பையன் நல்ல பையன்தான், எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் ராத்திரியெல்லாம் சாராய வாசனைக்கு நடுவில் நிற்கிறவன், என்றைக்கோ ஒருநாள் துப்ப மறந்துவிட்டால்? அவர்கள் மனம் நோகாமல் பேச்சை முடித்துவிட்டு வா. வரனைக் கொண்டு வந்தவன் நீ, திருப்பிக் கொண்டு போகவேண்டியவனும் நீதான்.

உன் பெண்சாதிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். மாரியம்மன் கிருபையால் மழை பெய்து கொல்லை செழிக்கட்டும். உன்னுடைய சௌக்கியத்தைப் பற்றி யோசித்தேன். அதைச் சதுரங்கப்பட்டினம் போய் வந்த பிறகு கோருகிறேன்.

இப்படிக்கு,
தாமோதரன்

பி.கு.: மேலே எழுதினதைத் தபாலில் போடவில்லை. நல்ல சேதியாகட்டும் கெட்ட சேதியாகட்டும், நேரில் சொல்வதுதான் மனுஷத்தனம் என்று உன் அக்காள் சுவரிடம் சொன்னாள். சரி என்று நானே பஸ் ஏறினேன். வழியில் திருக்கழுக்குன்றத்தில் இறங்கிப் பெரியக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். "நானும் வரேன், அந்தப் புள்ளையப் பாக்கணும்" என்று கூடவே கிளம்பிவிட்டாள். பையனுக்கு அன்று லீவு, வீட்டில் இருந்தான். நான் சாம்பிள் என்று ஆரம்பிப்பதற்குள் அக்கா அவனைப் பார்த்து, "ஏம்பா, குடிக்கறவன்கிட்ட போதும்னு சொன்னா கேப்பானா?" என்று கேட்டாள். "எல்லாரும் கேக்க மாட்டாங்க அத்தை. கேக்காதவங்களுக்கு நான் ஊத்தறதில்ல. முதலாளிகிட்ட சேரும்போதே சொல்லிட்டுத்தான் சேந்தேன். எங்கப்பாவுக்கு யாரும் சொல்லல" என்றான். அவன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்று கேட்டு வாங்கி, ஒரு சொம்புத் தண்ணியையும் நிதானமாகக் குடித்து முடித்தாள்.

ஆகவே நீ எங்கேயும் போகவேண்டாம். ஆவணியில் முகூர்த்தம் பார்த்திருக்கிறது. பந்தலுக்குச் சவுக்குக் கொம்பும் ஒரு மூட்டை கடலையும் உன் பொறுப்பு. இவ்வளவும் எழுதினதைக் கிழிக்க மனசில்லாமல் அப்படியே அனுப்புகிறேன், பி.கு.வை மட்டும் படி. வரலட்சுமியிடம் சொன்னேன். "உங்க இஷ்டம்பா" என்றாள். எனக்குப் பகீர் என்றது. நிமிர்ந்து பார்த்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

உன்னுடைய சௌக்கியத்தையும் கோருகிறேன்.